பழைய மாஸியில் டொக் டொக் சத்தம்: பேரிங்கா, நாசிலா?

24 மே 2025, இரவு 9.10

வீட்டில் இருப்பது மாஸி 1035 டிராக்டர். அப்பா 1998-ல் வாங்கியது, 3 சிலிண்டர் சிம்சன் இன்ஜின். நான்கு நாளாக ஒரு டொக் டொக். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது லேசாகத்தான் இருக்கிறது. அரை மணி நேரம் ஓடிச் சூடானதும் நன்றாகக் கேட்கிறது, டிரெய்லரோடு வாய்க்கால் பாலத்தில் ஏறும்போது இன்னும் கனமாகிறது. ஆயில் பிரஷர் முள்ளும் சூடானபின் வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்பதில்லை, கீழே இறங்குகிறது.

மெக்கானிக் வந்தார். இரண்டு முறை ரேஸ் கொடுத்து விட்டுக் கேட்டார். "பிக் எண்ட் போயிடுச்சு தம்பி, இன்ஜினைப் பிரிச்சிடுவோம்" என்றார். பிக் எண்ட் என்பது பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் கீழ் முனைப் பேரிங். ஸ்லீவ், பிஸ்டன், ரிங், செல் பேரிங் (பேரிங்கின் இரண்டு அரை வளையத் தகடு), கிராங்க் கிரைண்டிங், கூலி எல்லாம் சேர்த்து 70,000 ரூபாய், பதினைந்து நாள். எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். ஜூன் 12 மேட்டூர் திறந்துவிட்டால் அடுத்த பத்து நாளில் சேற்றுழவுக்கு வண்டி வேண்டும். சொந்த நிலம் போக இன்னும் ஏழெட்டுப் பேருக்கு நாங்கள்தான் உழுது கொடுக்கிறோம்.

பிரிக்காமலே இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று உறுதி செய்ய வழி உண்டா? என் மனதுக்கு இது நாசில் (டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் இன்ஜெக்டரின் நுனி) தட்டு என்றுதான் படுகிறது. 70,000 செலவு செய்து பிரித்துவிட்டு அதே சத்தம் மறுபடி கேட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் பெரிதாக இருக்கிறது.


25 மே, காலை 11.30

பதில் எழுதிய எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். "முதலில் இன்ஜினுக்கு வெளியே இருப்பதை எல்லாம் ஒதுக்கு" என்று ஒருவர் சொன்னது நல்ல யோசனை, காலையில் அதைத்தான் செய்தேன்.

ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் ஓட்டினேன். தண்ணீர் பம்பும் டைனமோவும் நின்றும் டொக் டொக் நிற்கவில்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம், தண்ணீர் சுற்றாது.

கிளட்சை மிதித்துப் பார்த்தேன், மாற்றம் இல்லை. ரிலீஸ் பேரிங் என்றால் மிதிக்கும்போது சத்தம் மாறும்.

பி.டி.ஓ (பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் ஷாஃப்ட்) லீவரை நியூட்ரலுக்கு எடுத்துவிட்டேன். இந்த வண்டியில் ஹைட்ராலிக் பம்ப் பி.டி.ஓ ஷாஃப்டில்தான் ஓடுகிறது, லீவரை எடுத்தால் பம்பும் நின்றுவிடும். அதிலும் மாற்றம் இல்லை. முன்னால் கிராங்க் புல்லியைப் பிடித்து ஆட்டினேன், ஆட்டம் இல்லை. கிராங்க் புல்லி போல்ட் லூசாகி அச்சு அசல் பேரிங் போலவே தட்டி, இன்ஜினையே பிரித்துப் பார்த்த கதை ஒன்று எங்கள் தெருவில் உண்டு, அதனால் அதை இரண்டு முறை பார்த்தேன்.

ஆக, சத்தம் இன்ஜினுக்குள்ளேதான்.


25 மே, இரவு 8.45

சாயங்காலம் வண்டியை நன்றாகச் சூடாக்கிவிட்டு ஒவ்வொரு சிலிண்டராக டீசலை நிறுத்திப் பார்த்தேன். இன்ஜெக்டருக்கு வரும் பைப்பின் நட்டை அரைச் சுற்று தளர்த்தினால் டீசல் வெளியே கசிந்துவிடும், அந்தச் சிலிண்டர் வேலை செய்யாது. இன்ஜின் மூன்று காலில் நிற்கும் நாற்காலி போல ஆடும், ஆனால் ஓடும்.

ஒன்றாவது: இன்ஜின் ஆடியது, டொக் டொக் அப்படியே.
இரண்டாவது: சத்தம் போயிற்று. சுத்தமாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், பத்தில் எட்டு பங்கு போயிற்று.
மூன்றாவது: ஒன்றாவது போலத்தான்.

நட்டை இறுக்கியதும் இரண்டாவதில் சத்தம் திரும்ப வந்தது. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அப்படியே. நாசில்தான் என்று இப்போது தைரியமாகச் சொல்கிறேன்.

இதைச் செய்து பார்க்கிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். தளர்த்தும்போது மேலே தடித்த துணி போடுங்கள், டீசல் எங்கே பீறிடுகிறது என்று விரல் வைத்துப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட இருக்காது, ஆனால் சில மணி நேரத்தில் கை வீங்கி விரலையே எடுக்க வேண்டிய நிலை வரும். அப்படிப் பட்டுவிட்டால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரி. இன்னொன்று, தோளில் துண்டு போட்டுக்கொண்டு ஃபேன் பக்கம் குனியாதீர்கள். எங்கள் ஊரில் ஒரு பெரியவருக்கு அப்படித்தான் கை போயிற்று.


26 மே, காலை 6.20

நேற்று இரவு எழுதியதை நானே திருத்துகிறேன். டீசலை நிறுத்தியதும் சத்தம் போனதால் நாசில் என்று எழுதினேன், அது தவறு.

இரவு ஒரு மணிக்கு ஒருவர் பதில் எழுதியிருக்கிறார், வேலூர்ப் பக்கம் பட்டறை வைத்திருப்பவர் என்று நினைக்கிறேன். அவர் கேட்பது இது: பிக் எண்ட் பேரிங் தேய்ந்திருந்தாலும், அந்தச் சிலிண்டரில் வெடிப்பு இல்லை என்றால் பிஸ்டன் மேல் அழுத்தம் இல்லை, கனெக்டிங் ராடு கிராங்கை ஓங்கி அடிக்காது, அப்போதும் சத்தம் குறையத்தானே செய்யும்?

நியாயம்தான். பைப் நட்டைத் தளர்த்தும் சோதனை எந்தச் சிலிண்டர் என்று மட்டும்தான் சொல்லும். அந்தச் சிலிண்டரில் நாசிலா, பேரிங்கா, பிஸ்டன் பின் புஷ்ஷா என்பதை அது சொல்லாது. இதை இரவெல்லாம் யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

அதோடு அவர் சொன்ன இன்னொன்றும் உறுத்துகிறது. வெறும் நாசில் தட்டு என்றால் குளிர்ந்த இன்ஜினில்தான் அதிகம் கேட்கும். டீசல் உள்ளே போய், சூடேறி, பற்றிக்கொள்ள ஒரு கண நேரம் ஆகிறது. குளிரில் அந்த நேரம் நீளும், அதற்குள் சேர்ந்த டீசல் மொத்தமும் ஒரே அடியாக எரியும், அந்த அடிதான் தட்டு. சூடானால் குறைய வேண்டும். எங்களுடையது சூடானால் கூடுகிறது. இதை நானே முதல் நாள் எழுதிவிட்டு, எழுதியதை நானே கவனிக்கவில்லை.


26 மே, மதியம் 2.00

அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை, இருபத்தேழு வருடம் இந்த வண்டியின் புகைக்குழாய்க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர். வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, பேட்டரிப் பக்கமாகப் போய் இன்ஜின் பிளாக்கின் மேல் உள்ளங்கையை வைத்தார். மேலே வைத்தார், கீழே சம்ப் (ஆயில் தேங்கும் அடிப்பகுதி) ஓரமாக வைத்தார். அப்புறம் "ரெண்டு அடி அடிக்குதுடா. மேலே ஒண்ணு, கீழே ஒண்ணு" என்றார்.

எனக்கு ஒரு அடிதான் கேட்கிறது.


27 மே, இரவு 10.05

சத்தத்தை எண்ணிப் பார்க்கலாம் என்று ஒருவர் சொன்னார். செல்போனில் பதிவு செய்து வேகத்தைக் கால்வாசியாகக் குறைத்துக் கேட்டேன். கணக்கு இதுதான். ஐடிலில் 700 ஆர்.பி.எம் என்றால் கிராங்க் நொடிக்குக் கிட்டத்தட்ட 12 சுற்று. வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் அதில் பாதி, 6. ஆக டேப்பட் (வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம்), வால்வு சம்பந்தப்பட்ட டிக் டிக் நொடிக்கு 6 முறை வரும், கிராங்கில் உள்ள எதுவானாலும் 12 முறை வரும். நான் எண்ணியதில் டொக் 6 முறைதான் வருகிறது. அதனால் பேரிங் இல்லை என்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

எழுதுவதற்குள் இன்னொரு யோசனை. பிக் எண்டில் ஓங்கி அடிப்பது வெடிப்பு நடக்கும்போதுதான், அது இரண்டு சுற்றுக்கு ஒரு முறை. மற்றச் சுற்றில் வருகிற அடி மெல்லியது, மூன்று சிலிண்டர் சத்தத்தில் அமுங்கிப் போகலாம். அப்படியானால் பேரிங்கும் 6 என்றுதான் கேட்கும். நாசில் தட்டும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான், அதுவும் 6. எல்லாமே 6 என்றால், எண்ணுவது இந்த விஷயத்தில் உதவாது.

டேப்பட்டா என்று கேட்டவருக்கு: இது கனமான அடி, சம்புக்கு மேலே பாதி உயரத்தில் கேட்கிறது. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதெலும்பில் அழுத்திக் கேட்டேன். வால்வு மூடியில் தனியாக ஒரு டிக் டிக் இருக்கிறது, அது முதல் சிலிண்டர் பக்கம். அது பழைய கதை, அதைப் பிறகு பார்க்கலாம்.


28 மே, மாலை 6.30

இன்று ஒரு பதில் கிடைத்தது, செலவு மூன்று காப்பர் வாஷர்.

இரண்டாவது இன்ஜெக்டரைக் கழற்றி மூன்றாவதிலும், மூன்றாவதை இரண்டாவதிலும் மாட்டினேன். நாசில் குற்றமானால் சத்தம் மூன்றாவதுக்குப் போக வேண்டும். பேரிங் என்றால் இரண்டாவதிலேயே நிற்க வேண்டும். இந்த யோசனை பட்டறை அண்ணன் சொன்னது, இதை மட்டும் முதல் நாளே செய்திருந்தால் நான்கு நாள் மிச்சம்.

மாட்டும்போது பழைய காப்பர் வாஷர் குழிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது. டார்ச் அடித்துப் பார்க்காமல் புதியதை மேலே போட்டிருந்தால் இரண்டு வாஷர் கனத்துக்கு நாசில் மேலே ஏறி நின்றிருக்கும், எரிவதே கெட்டுப்போய் அதுவே புதுச் சத்தமாகியிருக்கும். கம்பியை வளைத்து எடுத்தேன்.

ஸ்டார்ட் செய்து சூடாக்கி, மறுபடி ஒவ்வொரு நட்டாகத் தளர்த்தினேன். சத்தம் மூன்றாவதுக்குப் போய்விட்டது! மூன்றை நிறுத்தினால் டொக் போகிறது. மெக்கானிக் அண்ணனுக்குப் போன் செய்து சொன்னேன். "நல்லது தம்பி, ஆனா பிரஷர் ஏன் கம்மியா நிக்குது?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.


29 மே, இரவு 9.00

மூன்று இன்ஜெக்டரையும் டீசல் பம்ப் சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போனேன். கை டெஸ்டரில் மாட்டி அடித்துக் காட்டினார்கள். இரண்டு நன்றாக இருந்தன, 170 கிலோ அழுத்தத்துக்குமேல் போய், "க்ரீச்" என்று பனிபோல் தெளித்தன. மூன்றாவது (முன்பு இரண்டாம் சிலிண்டரில் இருந்தது) 120-லேயே திறந்து ஒழுகியது. தெளிக்கவில்லை, நீர்க்கடுப்பு வந்தவர் மாதிரி சொட்டுச் சொட்டாக விட்டது. அடிப்பதை நிறுத்திய பிறகும் நுனியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டே இருந்தது.

நுனி நீலம் பாரித்து, ஊசி உட்காரும் இடத்தில் கீறல். தூசியும் தண்ணீரும் போன டீசல் என்றார்கள். கேனில் வாங்கி வைத்து, சாக்கு போட்டு மூடி, அதிலிருந்து ஊற்றுவதுதான் எங்கள் வழக்கம். ஃபில்டர் கிண்ணத்தில் தண்ணீர் நின்றதைப் போன வருடம் பார்த்தது, அதற்குப்பின் நான் திறக்கவே இல்லை. மூன்றுக்கும் புது நாசில் போடச் சொல்லிவிட்டேன், ஒன்று மட்டும் புதிதாகப் போட்டால் மற்ற இரண்டும் கொஞ்ச நாளில் பின்னாலேயே வரும் என்பதால்.


30 மே, காலை 7.40

பிரஷர் விஷயம் மண்டையைக் குடைந்தது. டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தேன். ஆயில் மேல் கோட்டுக்கும் மேலே ஒரு விரற்கடை நிற்கிறது. முகர்ந்தால் டீசல் வாடை. பழைய செய்தித்தாளில் ஒரு சொட்டு விட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தேன், நடுவில் கறுப்புப் பொட்டு, அதைச் சுற்றிச் சாம்பல் நிறம் தெளிந்து வெளியே அகலமாக ஒரு எண்ணெய் வளையம். புது ஆயிலை விட்டுப் பக்கத்தில் வைத்தேன், அது அப்படிப் பரவவே இல்லை.

இரண்டு வருடமாக "நம்ம வண்டி ஆயிலே குடிக்கறதில்ல" என்று வீட்டில் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தோம். குடிக்காமல் இல்லை. இன்ஜின் குடித்த அளவுக்கு நாசில் டீசலைச் சொட்டி நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறது. எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து, ரிங்கைத் தாண்டி, சம்புக்கு இறங்கிவிடும். ஆயில் நீர்த்துப்போகும். சூடானால் இன்னும் நீர்க்கும். அதனால்தான் சூட்டில் முள் இறங்கியது. டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்பின் டயாஃப்ரம் கிழிந்தாலும் இப்படி ஆயிலில் டீசல் கலக்கலாம், அதனால் அதையும் கழற்றிப் பார்த்தேன், கிழியவில்லை.

முதல் நாளே டிப் ஸ்டிக்கை முகர்ந்திருக்க வேண்டும். இதை வாசிக்கிற யாராவது உங்கள் வண்டியில் ஆயில் குறையவே இல்லை என்று மகிழ்ந்துகொண்டிருந்தால், தயவுசெய்து ஒரு முறை முகர்ந்து பாருங்கள்.


31 மே, இரவு 8.15

புது நாசில், புது ஆயில், புது ஆயில் ஃபில்டர், இரண்டு டீசல் ஃபில்டர். டீசல் பைப்பில் நின்ற காற்றை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்தேன். டொக் இல்லை. அரை மணி நேரம் ஓட்டினேன், சூடாகியும் இல்லை. பிரஷர் முள் சூட்டில் ஐடிலில் 10 பவுண்டில் இருந்தது இப்போது 20-ஐத் தொடுகிறது. செலவு ஆறாயிரத்துச் சொச்சம். முடிந்தது.


1 ஜூன், காலை

வெளிநாட்டுக் கையேட்டில் உள்ள அளவுகள் நம் இன்ஜினுக்குப் பொருந்துமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். இந்த இன்ஜின் குடும்பத்தின் வேர் இங்கிலாந்தில் பீட்டர்பரோவில் இருக்கும் பெர்கின்ஸ். அங்கே 3.152 என்று பெயர்: 3 சிலிண்டர், 152 கன அங்குலம், நம் கணக்கில் 2.5 லிட்டர். 1959-ல் மாஸி ஃபெர்குசன் பெர்கின்ஸை வாங்கியது, அதே சமயத்தில்தான் மாஸி 35-ல் இந்த 3 சிலிண்டர் இன்ஜின் ஏறியது. சென்னையில் சிம்சன் நிறுவனம் பெர்கின்ஸ் வழி இன்ஜின்களைச் செய்ய, 1960-ல் தொடங்கிய டேஃபே நிறுவனம் டிராக்டரைச் செய்தது. அதனால் அமைப்பு, கழற்றும் முறை எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் அளவுகளை மட்டும் உங்கள் இன்ஜின் தகட்டில் உள்ள மாடலுக்கு உரிய கையேட்டைப் பார்த்தே வையுங்கள். அந்த 3.152-க்கு டேப்பட் இடைவெளி குளிர்ந்த நிலையில் 12 தௌ (ஒரு தௌ அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.30 மி.மீ. எங்கள் மெக்கானிக்கும் எங்கள் வண்டிக்கு அதையேதான் வைக்கிறார்.


2 ஜூன், இரவு 9.30

அந்த டேப்பட் டிக் டிக்கை இன்று பார்த்தேன். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு 12 தௌ சரியாக உரசிக்கொண்டு போகிறது, ஆனாலும் சத்தம். வால்வை அழுத்தும் ராக்கரைக் கழற்றித் திருப்பினால், வால்வு நுனியில் படும் இடம் குழி விழுந்திருக்கிறது. ஃபீலர் தட்டை குழியின் இரண்டு கரையில் பாலம் போல உட்கார்ந்து 12 என்று பொய் சொல்லும், உண்மையான இடைவெளி குழியின் ஆழத்தையும் சேர்த்தது. ராக்கரை மாற்ற வேண்டும், அல்லது லேத்தில் கொடுத்து அதன் வளைவு மாறாமல் தேய்த்து வாங்க வேண்டும். அவசரமில்லை, இந்த டிக் டிக்கால் இன்ஜின் நின்றுவிடாது.


14 ஜூன், இரவு 10.40

மேட்டூர் திறந்தாயிற்று. எங்கள் வாய்க்காலுக்கு இன்னும் வரவில்லை, ஆழ்குழாய் வைத்திருக்கும் பக்கத்து வயலில் இன்று சேற்றுழவு. கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புச் சக்கரம்) மாட்டி நாலு மணி நேரம் இழுத்தேன்.

நாலாவது மணி நேரத்தில் கீழேயிருந்து ஒரு சத்தம். பழைய டொக் இல்லை, அதைவிடத் தாழ்ந்த, மழுங்கலான ஒரு "தும்". ரேஸை ஏற்றும்போது இல்லை. வரப்புத் திரும்பும் இடத்தில் ரேஸைச் சட்டென்று விடும்போது நான்கைந்து அடி கேட்டுவிட்டு அடங்குகிறது. நிறுத்திவிட்டுச் சேற்றிலேயே உட்கார்ந்து அப்பாவின் வார்த்தையை நினைத்துக்கொண்டேன். மேலே ஒண்ணு, கீழே ஒண்ணு.

வண்டியை மெதுவாக ஓட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். 31-ம் தேதி "முடிந்தது" என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.


15 ஜூன், காலை 6.00

"நாசில் மாற்றியும் பயனில்லை, பார்த்தாயா" என்று எழுதியவருக்கு: பயன் இருந்தது. மேலே அடித்த அடி நாசில், அது நின்றுவிட்டது. அது பெரிய சத்தமாக இருந்ததால் கீழே இருந்த சின்ன சத்தம் அதற்குள் மறைந்திருந்தது. சூடானால் கூடுகிறது என்ற குறிப்பு இந்தக் கீழ்ச் சத்தத்தைப் பற்றியது. நான் இரண்டையும் ஒன்று என்று நினைத்ததால் ஒரு குறிப்பு இன்னொன்றோடு முட்டிக்கொண்டே இருந்தது.

மெக்கானிக் அண்ணனுக்கு நானே போய்ச் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. "மொத்தமா பிரிக்க வேணாம். சம்ப்பை மட்டும் எறக்கிப் பார்ப்போம்" என்றார். முதல் நாள் 70,000 கேட்டவரும் இவர்தான். ஆயிலில் டீசல் கலந்த விவரத்தையும் நாசில் நிலையையும் சொன்ன பிறகு அவரும் வேறு மாதிரி யோசித்தார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சத்தமும் பிரஷரும் மட்டுமே கையில் இருந்தபோது அவர் சொன்னது சரியான கணிப்புத்தான்.


17 ஜூன், இரவு 9.50

சம்ப் கனத்த வார்ப்பிரும்பு. முன்பக்கத்துக்கு முட்டுக் கொடுத்து, ஜாக்கி வைத்து, அதை இறக்கவே அரை நாள். அடியில் கறுப்புச் சேறு போலக் கசடு, விரலில் தேய்த்தால் மினுமினுக்கும் துகள். இரும்புத் துகளா என்று காந்தம் வைத்துப் பார்த்தோம், ஒட்டவில்லை. பேரிங் உலோகம்.

ஒவ்வொரு பிக் எண்ட் மூடியாகக் கழற்றினோம். மூடியிலும் ராடிலும் அடித்திருக்கும் எண் ஒரே பக்கம் வருகிறதா என்று பார்த்து, எதையும் மாற்றிவிடாமல் சாக்கின் மேல் வரிசையாக வைத்தோம். ஒன்றாவது செல் மங்கிய சாம்பல் நிறம், கை தடவினால் வழுவழுப்பு, இன்னும் ஓடும். மூன்றாவதும் அப்படியே. இரண்டாவதில் மேல் செல்லின் நடுவில் பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிகிறது, இரண்டு கீறல். வெடிப்பின் அடியைத் தாங்குவது அந்த மேல் செல்தான். மெயின் பேரிங் மூடியில் இரண்டைக் கழற்றிப் பார்த்தோம், அவை நன்றாக இருக்கின்றன.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது கிராங்க்கைப் பார்க்கத்தான். லேத் பட்டறையிலிருந்து ஒருவர் மைக்ரோமீட்டரோடு வந்து நான்கு பக்கமும் அளந்தார். வட்டம் கெட்டது ஒரு தௌவுக்குள்தான். நகத்தால் இழுத்தால் கீறல் மாட்டவில்லை. கிரைண்டிங் வேண்டாம் என்றார். 10 தௌ, 20 தௌ என்று குறைக்க ஆரம்பித்தால் ஒவ்வொரு முறையும் கிராங்கின் ஆயுளில் ஒரு படி போகிறது, அந்தப் படி இப்போது மிச்சம்.

ஸ்டாண்டர்ட் செல் மூன்று சிலிண்டருக்கும் புதிது, போல்ட்டும் புதிது. ஆயில் பம்பின் வலையில் அந்தக் கசடு பாதி அடைத்திருந்தது, மண்ணெண்ணெயில் கழுவினோம்.

பிஸ்டனையும் ஸ்லீவையும் தொடவே இல்லை. கம்ப்ரஷன் மூன்றிலும் சமமாக இருந்தது, புகை இல்லை, இன்ஜினின் காற்றுத் துளையான பிரீதரில் ஊதல் இல்லை.


18 ஜூன், மதியம்

கேட்டிருந்த கணக்கு: நாசில், ஃபில்டர், ஆயில் முதல் முறை 6,300. இரண்டாம் முறை செல், போல்ட், கேஸ்கட், ஆயில், கூலி, லேத்காரர் வந்து போன செலவு 9,800. மொத்தம் 16,100.

"நேராக அந்த 70,000 வேலையைச் செய்திருந்தால் ஒரேயடியாக முடிந்திருக்குமே" என்று இருவர் எழுதியிருக்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள். இன்ஜினைப் புதிதாக்கி, கிராங்க்கைத் தேய்த்து, புது செல் போட்டு, அதே ஒழுகும் நாசிலை மறுபடி மாட்டியிருப்போம். இன்ஜின் வேலையில் நாசிலைத் துடைத்து அப்படியே மாட்டுவதை நான் பல இடத்தில் பார்த்திருக்கிறேன். அது புது ஆயிலிலும் டீசலைச் சொட்டியிருக்கும். ஒரு வருடத்தில் புது செல்லும் போயிருக்கும். அதேபோல நான் நாசிலோடு நின்றிருந்தாலும் குறுவை முடிவதற்குள் கிராங்க் போயிருக்கும். பட்டறை அண்ணன் அன்று இரவு ஒரு மணிக்கு அந்தக் கேள்வியைக் கேட்காவிட்டால் நான் நின்றிருப்பேன். அவருக்கு என் நன்றி.


18 ஜூன், இரவு

பிஸ்டன் பின் புஷ் சத்தம் எப்படி இருக்கும் என்று கேட்டவருக்கு. நான் பக்கத்து ஊர் வண்டியில் ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன்: ஐடிலில் கூர்மையாக, இரட்டை அடியாக, "டக்-டக்" என்று. லோடில் குறைந்துவிடும். பிஸ்டன் ஆடும் சத்தம் குளிரில் கேட்டு, சூடாகிப் பிஸ்டன் விரிந்ததும் அடங்கும். மெயின் பேரிங் முழு லோடில் மட்டும் அடிவயிற்றில் கேட்கும், ஒரு சிலிண்டரை நிறுத்தினால் பெரிதாக மாறாது. எல்லாவற்றுக்கும் முதலில் ஆயிலைப் பாருங்கள்.


23 ஜூன், இரவு 11.00

ஐந்து நாளில் முப்பத்தொரு மணி நேரம் சேற்றில் ஓடியிருக்கிறது. சூட்டில் ஐடிலில் பிரஷர் 25 பவுண்டு, வேலை வேகத்தில் 50-க்குப் பக்கம். வரப்புத் திரும்பும்போது ரேஸைச் சட்டென்று விட்டு விட்டுக் கேட்கிறேன், தும் இல்லை. நாளைக்கும் உழவு இருக்கிறது, தூங்கப் போகிறேன்.


28 செப்டம்பர், மாலை 5.20

யாரோ இந்த இழையைத் தேடி வந்து "பிறகு என்ன ஆயிற்று" என்று கேட்டிருக்கிறார்கள். குறுவை அறுப்பு முடிந்தது, சம்பாவுக்கு உழவு ஓடிக்கொண்டிருக்கிறது. கேனுக்குப் புனலோடு சல்லடைத் துணி வைத்திருக்கிறேன். வாரம் ஒரு முறை ஃபில்டர் கிண்ணத்துத் தண்ணீரைத் திறந்துவிடுகிறேன்.

ஆயில் மாற்றி அறுபது மணி நேரத்தில் டிப் ஸ்டிக்கில் அரை விரற்கடை குறைந்திருக்கிறது. இத்தனை வருடத்தில் முதல் முறையாகக் குறைகிறது. முகர்ந்தேன், ஆயில் வாடை மட்டும்தான். அப்பாவைக் கூப்பிட்டேன். பிளாக்கின் மேலே கையை வைத்தார், கீழே வைத்தார், கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு, "முன்னாடி ராக்கர் ஒண்ணு தட்டுதே, அதை எப்போ பாக்கப்போற?" என்றார். பொங்கல் கழித்துப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.